ஞாபகம் இருந்ததற்கான சான்றிதழ்

மொன்றியல் நகரத்துச் சென்ட் லோரன்டில், மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் இரும்புக் கிடங்குகளுக்கும் நடுவில், மூளை ஞாபக ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருந்தது. முன்வாசலில் கறுப்புக் கல்லில் ஒரு பெரிய மூளையைச் செதுக்கி வைத்திருந்தார்கள். பேரின்பநாயகம் அந்த வாசலால் ஒருநாளும் போனவரல்லர். அவருக்குப் பின்கதவு. எலிகளை இறக்குவதும் அதே கதவால்தான்.

மட்டக்களப்பில், படுவான்கரைப் பக்கம், வயல்களுக்கு முறைவைத்து வாய்க்கால் தண்ணீர் திறந்துவிடும் வட்டவிதானையாக இருந்த மனிதர். ஐம்பத்திரண்டாம் வயதில் மொன்றியலுக்கு அகதியாக வந்து எலிக்கூடு கழுவினார். அதையிட்டு அவருக்கு மனக்குறை ஒன்றும் இருக்கவில்லை. எலி கேள்வி கேட்காது, படிவம் நீட்டாது.

நிலையத்தில் என்னதான் நடக்கிறது என்று அவருக்கு விளங்கப்படுத்தியவள் மாக்கிரட். அவளும் மட்டக்களப்பு ஆள்தான், புளியந்தீவு. நிலையத்தில் அவளுக்குக் கண்ணாடிக் குழாய்கள் கழுவும் வேலை. ஏழு வருடமாக அதையே செய்ததில் பிரெஞ்சும் பாதி விஞ்ஞானமும் அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

"பெரிய தொட்டியில தண்ணி வச்சிருக்காங்க அண்ணன். பால்மாவைக் கரைச்சு வெள்ளையாக்கிருவாங்க. உள்ளுக்க ஒரு பலகை கிடக்கு, கண்ணுக்குத் தெரியாது. எலியைப் போட்டா அது நீந்திப் பலகையைத் தேடும். நாலைஞ்சு நாள் போட்டா இடம் ஞாபகம் வந்திரும், நேராப் போய் ஏறிரும்."

"மறுகா?"

"மறுகா தலையை வெட்டுவாங்க."

பேரின்பநாயகம் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். "ஞாபகம் வந்ததுக்கா?"

ஞாபகம் வந்ததுக்குத்தான். மூளைக்குள் புரதக் கைனேசு என்று ஒரு நொதியம் இருக்கிறதாம். எலி எதையாவது படித்ததும் அது விழித்துக்கொண்டு, பக்கத்தில் கிடக்கும் புரதங்களிலெல்லாம் பொஸ்பேற்றை ஒட்டிக்கொண்டே போகுமாம், தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவரைப் போல. அந்த முத்திரைதான் ஞாபகம். எத்தனை முத்திரை விழுந்தது என்று எண்ணுவதற்கு மூளை வெளியே வரவேண்டும். அதற்கு எலியின் சம்மதம் தேவையில்லை. மறதிக்கார எலிகளால் விஞ்ஞானத்துக்குப் பிரயோசனமில்லை என்பதால் அவற்றைத் திரும்பவும் கூட்டில் விட்டுவிடுவார்கள். ஆக, பேரின்பநாயகம் நாள்தோறும் கழுவிய கூடுகள் முழுக்க மறதிக்காரருக்குச் சொந்தமானவை. அவை தின்று கொழுத்து, குட்டிபோட்டு, பேரன் பேத்தி கண்டு சுகமாக வாழ்ந்தன.

அவருடைய சொந்த வழக்கும் ஞாபகத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றது. மனைவி சீதேவியும் மகள் புஷ்பராணியும் மட்டக்களப்பில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், சேலையால் மறைத்த ஒரு மூலையில் இரண்டு வருடமாக இருந்தார்கள். அகதிகள் வாக்குமூலச் சபை இவரை ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். ஏற்காவிட்டால் இவர் திரும்பிப் போகவேண்டும். சீதேவி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பது ஒன்றே ஒன்று: எப்ப கூப்பிடுவீங்க?

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆனி மாதத்தில் விசாரணை வந்தது. அதற்கு வரச்சொல்லி மூன்று கடிதம் வந்திருந்தது, மூன்றிலும் மூன்று திகதி. அது தட்டச்சுப் பிழை என்றார்கள்.

சபைத் தலைவர் நரைத்த தலையும் மெல்லிய குரலும் உள்ள அம்மா. கோப்பைத் திறந்துவைத்து முதல் கேள்வியைக் கேட்டார்.

"உங்கள் மகன் யோகராசா எத்தனை தடவை இறந்தார்?"

மொழிபெயர்ப்பாளன் இரவிச்சந்திரன் யாழ்ப்பாணத்துப் பெடியன். பிரெஞ்சை இரண்டாம் தரம் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் தமிழில் சொன்னான்.

"ஒருக்காத்தான்," என்றார் பேரின்பநாயகம்.

"சபையின் அனுபவமும் அதுவே. ஆனால் எண்பத்தாறில் நிரப்பிய படிவத்தில் மகன் இறந்தது மே முப்பது. எண்பத்தேழில் சத்தியம் செய்து சொன்னது மே இருபது. இந்த விசாரணைக்குத் தந்த படிவத்தில் ஜூன் ஏழு என்கிறீர்கள். ஆண்டு மட்டும் மூன்றிலும் எண்பத்தைந்து."

"வைகாசி மாசம், தேய்பிறை அட்டமி. அதில ஒரு மாத்தமும் இல்லயே."

நம்முடைய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. செத்த நாள் என்றால் திதி. திகதி கந்தோருக்கு. வருடா வருடம் அந்தத் திதி வரும்போது மனுஷன் குளித்து, சமைத்து, பிள்ளைக்குப் படைத்துவிட்டுத்தான் வாயில் தண்ணீர் வைப்பார். யாராவது திகதி கேட்டால், பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைக்காரர் கொடுத்த, கேட்ட வருடத்துக் கலண்டரில் திதி விழுந்த திகதியைப் பார்த்துச் சொல்லுவார். அவருடைய நாள் நின்ற இடத்தில் நிற்கிறது. வெள்ளைக்காரனின் திகதிதான் அங்குமிங்கும் ஓடித் திரிகிறது. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்?

இரவிச்சந்திரன் மொழிபெயர்ப்போடு நிற்காமல், தன் கைப்பையிலிருந்து எண்பத்தைந்தாம் வருடத்துப் பஞ்சாங்கம் ஒன்றை எடுத்தான். எங்கெல்லாமோ விசாரித்துத் தேடிக் கொண்டுவந்திருக்கிறான்.

"மேடம், அந்த வருசம் அந்தத் திதி ஜூன் பத்தாம் திகதி வந்திருக்குது. உண்மையான திகதி இதுதான்."

"அப்படியானால் நான்காவது திகதி," என்று சபைத் தலைவர் எழுதிக்கொண்டார். "மொழிபெயர்ப்பாளர் மனுதாரருக்காக ஞாபகம் வைத்திருக்கக் கூடாது."

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கனிவோடு பேசினார். "ஐயா, இந்தச் சபை இரக்கமுள்ளது. உங்கள் துயரத்தை நாங்கள் ஒருபோதும் சந்தேகிக்கவில்லை. அது நடந்ததா என்பதை மட்டுமே சந்தேகிக்கிறோம். உங்களுக்கு ஞாபகம் என்ற ஒன்று இருப்பதாக அங்கீகரிக்கப்பட்ட நிலையம் ஏதாவது சான்றிதழ் தந்தால் மறுபடி கேட்போம்."

அங்கீகரிக்கப்பட்ட நிலையம் அந்த மாகாணத்திலேயே ஒன்றுதான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பேரின்பநாயகம் சபையின் கடிதத்தோடு முன்வாசலுக்குப் போனார். காவலாளி கடிதத்தைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தான். "உனக்குப் பின்பக்கம்." பின்பக்கம் போனால், பரிசோதனைக்கு வருகிறவர்கள் முன்பக்கத்தால் வரவேண்டும் என்றார்கள். இரண்டு தரம் கட்டிடத்தைச் சுற்றினார். கடைசியில் மாக்கிரட் வந்து சத்தம்போட்டு உள்ளே கூட்டிப்போனாள். மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டினார்கள்: நாற்பத்தொன்று. முதல் நாற்பதும் யார் என்று அவருக்குத் தெரியும். அவற்றின் கூடுகளை அவர்தானே கழுவிக் கவிழ்த்து வைத்தவர்.

நிலையத்தின் தலைவர் டொக்டர் பெல்மார் அன்பான மனிதர். கை குலுக்கினார். இரண்டு வருடமாகத் தன் எலிகளைப் பார்த்துக்கொள்பவர் இவர்தான் என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை.

"மனிதர் வாயால் சொல்வதை நாங்கள் ஞாபகமாக எடுப்பதில்லை," என்றார். மாக்கிரட் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். "வாய் எதையும் சொல்லும். கைனேசு பொய் சொல்லாது. எலிகள் எங்களிடம் ஒருதடவைகூடப் பொய் சொன்னதில்லை. எலிகளுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை உங்களுக்கும் கொடுப்போம்."

கீழ்மாடியில் மனிதருக்கென்று பெரிய தொட்டியொன்று கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு மூட்டை பால்மாவை அதில் கொட்டிக் கலக்கினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் பால்மாவுக்கு விடியவே வரிசையில் நிற்க வேண்டும் என்று புஷ்பராணி எழுதியிருந்தது அவருடைய நெஞ்சில் வந்து குத்தியது. அரைக்காற்சட்டையோடு இறங்கச் சொன்னார்கள், இறங்கினார்.

வாவிக்கரையில் பிறந்த ஆளைத் தொட்டியில் விட்டு நீந்து என்றால்? தண்ணீர் எங்கே தட்டுப்பட்டுத் திரும்புகிறது என்று காலால் உணர்ந்து, ஒன்பதாவது விநாடியில் பலகையில் ஏறி நின்றுவிட்டார்.

டொக்டர் பெல்மாருக்கு முகம் வாடிப்போயிற்று. "இப்படிச் செய்யக்கூடாது. முதலில் உங்களுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும். தத்தளிக்க வேண்டும், களைக்க வேண்டும். தெரியாமல் இருந்தால்தானே கற்க முடியும்? கொஞ்சம் மூழ்கிப் பாருங்கள்."

 பேரின்பநாயகம் பலகையை விட்டு இறங்கவில்லை. இடுப்பளவு வெள்ளைத் தண்ணீரில் அப்படியே நின்றார்.

அன்றைக்கும் வாவி இப்படித்தான் வெள்ளையாக இருந்தது. விடியற்காலைப் பனிப்புகார். எழுவான்கரைக்குத் தோணியில் போய்க்கொண்டிருந்தார்கள், அவரும் யோகராசாவும். மறுகரையிலிருந்து ஆமிக்காரர் சுட்டார்கள். யார் போகிறார்கள் என்று கூப்பிட்டுக்கூடக் கேட்கவில்லை. தோணி கவிழ்ந்தது. பிள்ளையின் தலைமயிரைப் பிடித்து முகத்தை மேலே தூக்கியபடி நீந்தினார். "பயப்படாத மனே, இந்தா கரை வந்திட்டு, இந்தா வந்திட்டு" என்று சொல்லிக்கொண்டே நீந்தினார். காலில் தரை பட்டது. பட்டபோது, தான் இவ்வளவு நேரமும் யாரோடும் பேசிக்கொண்டு வரவில்லை என்று தெரிந்தது. பிள்ளைக்குப் பதினேழு வயது.

தொட்டிக்கு மேலே நின்ற உதவியாளன் எழுதினான்: நேரம் ஒன்பது விநாடி. கண்ணில் நீர் வடிகிறது. பால்மா ஒவ்வாமையாக இருக்கலாம்.

நிலையம் மூன்று வாரம் கூடிக் கூடி ஆலோசித்தது. இலக்கம் நாற்பத்தொன்றுக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல முத்திரைகளை எண்ணவேண்டும், எண்ண மூளை வேண்டும். அந்த வழி இப்போதைக்கு இல்லை என்று டொக்டர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். ஆனால் இன்னொரு வழி இருந்தது. கைனேசை வேலைசெய்ய விடாமல் தடுக்கும் குளிசை ஒன்றை நிலையம் கண்டுபிடித்து வைத்திருந்தது.

"விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்று எப்படி அறிவது? அணைத்துப் பார்ப்பதுதான்," என்றார். "பத்து நாள் இதை விழுங்குங்கள். மகன் இறந்தது உங்களுக்கு மறந்துபோனால், அது உண்மையான ஞாபகமாக இருந்தது என்று முத்திரையோடு சான்றிதழ் தருகிறேன். மறக்காவிட்டால் அது ஞாபகமே இல்லை. வேறேதோ. அதற்கு எங்களால் உத்தரவாதம் தர இயலாது."

குழாய் கழுவும் அறையில் பேரின்பநாயகம் குந்திக்கொண்டிருந்தார். மாக்கிரட் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தாள்.

"இந்தக் குளிசை எலிக்கே ஒழுங்கா வேலை செய்யிறல்ல அண்ணன். விழுங்கிப்போட்டு, மறந்திட்டன் எண்டு சொல்லுங்க. விசயம் முடிஞ்சுது."

"எப்பிடி மாக்கிரட் சொல்லுற? பெத்த பிள்ள செத்தது மறந்துபோச்சு எண்டு என்ர வாயால எப்பிடிச் சொல்லுற?"

"நானும் மாதாவைக் கும்பிடுறவள்தான், பொய் சொல்லச் சொல்லிக் குடுக்க எனக்கென்ன ஆசையா? செத்தவன் கோவிக்க மாட்டான். இருக்கிறவள் புஷ்பராணி. அவளை நினைச்சுக்கொண்டு சொல்லுங்க."

விழுங்கினார். முதல் நாள் சத்தி எடுத்தார்.  ஐந்தாம் நாள் அக்காடி மெட்ரோவில் இறங்கி, வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். குளிசை எலிக்கு வேலை செய்ததோ இல்லையோ, அவருக்குச் செய்தது. வாய்க்கால் கதவுகளின் முறை மறந்தது. சீதேவியின் முந்தின கடிதம் மறந்தது. ஒருநாள் காலையில் எழும்பி யோகராசாவின் குரலை நினைத்துப் பார்த்தார், வரவில்லை. அவன் எப்படிச் சிரிப்பான், எந்தக் கறிக்கு அடம்பிடிப்பான், அதுவும் வரவில்லை. அறை முழுவதும் தேடுகிறவர்போல அங்குமிங்கும் நடந்தார். வெள்ளைத் தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. கையில் பிடித்த மயிர் இருந்தது, காலில் பட்ட தரை இருந்தது, தேய்பிறை அட்டமி இருந்தது. உயிரோடிருந்த பிள்ளையை எடுத்துக்கொண்டு செத்த பிள்ளையை விட்டுவைத்திருந்தது அந்த நாசமாய்ப்போன குளிசை.

பதினோராம் நாள் நிலையத்தார் ஆறு பேர் வரிசையாக இருந்து கேட்டார்கள். "உங்கள் மகன் எப்போது இறந்தார்?"

 மாக்கிரட் கதவடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஞாபகமில்லை," என்றார் பேரின்பநாயகம்.

ஆறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மனித மூளையில் கைனேசின் பங்கு நிரூபணமாகிவிட்டது என்று டொக்டர் பெல்மார் அறிவித்தார். தங்கநிற முத்திரை குத்திய சான்றிதழ் அன்றைக்கே கிடைத்தது.

தைமாதத்தில் மறு விசாரணை. சபைத் தலைவர் சான்றிதழை இரண்டு தரம் வாசித்தார். அவருடைய முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது.

"மனுதாரருக்கு உண்மையான ஞாபகம் இருந்தது என்பதைச் சபை முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறது."

பேரின்பநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அது இப்போது இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்கிறது. அச்சம் ஞாபகத்திலிருந்து வருவது. ஞாபகம் இல்லாதவருக்கு அச்சம் இருக்க வழியில்லை. அச்சம் இல்லாதவருக்குப் பாதுகாப்புத் தேவையில்லை. ஐயா, துன்பத்தோடு இந்த நாட்டுக்கு வந்தீர்கள், துன்பம் நீங்கித் திரும்பிப் போகிறீர்கள். இதில் சபைக்குப் பெருமையே."

இரவிச்சந்திரன் பாதிவரை மொழிபெயர்த்தான். மீதி அவனுக்கு வாயில் வரவில்லை. ஆனாலும் பேரின்பநாயகத்துக்கு விளங்கிவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"மறக்கல்ல! பொய் சொன்னன் அம்மா! பெண்டாட்டி பிள்ளையைக் கூப்பிடுறதுக்காகப் பொய் சொன்னன். வைகாசி மாசம், தேய்பிறை அட்டமி. தோணியில போனம். என்ர கைக்குள்ளதான் செத்தான். என்னையும் அவங்களுக்குத் தெரியும், பேர் எழுதி வச்சிருக்காங்க. போனா என்னையும் கொல்லுவாங்க!"

இரவிச்சந்திரன் இதை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னான். சொல்லும்போது அழுதான்.

"நிலையத்தின் சான்றிதழுக்கு மாறாகச் சபை எதையும் ஏற்க முடியாது," என்றார் தலைவர். "மொழிபெயர்ப்பாளர் அழுதது பதிவில் சேராது."

வைகாசி கடைசிக்குள் நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளை வந்தது. இந்தமுறை கடிதம் ஒன்றுதான், தட்டச்சுப் பிழையும் இல்லை.

சபையில் நடந்ததைக் கேள்விப்பட்ட டொக்டர் பெல்மார் அவரை அழைத்தார். காவலாளி முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மாக்கிரட்டும் கூடப் போனாள். பொய் சொன்னதற்கு ஏச்சு விழப்போகிறது என்று பேரின்பநாயகம் நினைத்தார். டொக்டரோ அவரைக் கட்டிப்பிடித்தார்.

"பத்து நாள் தடுப்பான் கொடுத்தும் மறக்கவில்லை! எங்கள் எலிகளில் ஒன்றுகூட இதைச் செய்ததில்லை. உங்களுக்குள் வேறொரு கைனேசு இருக்கிறது, எவராலும் அணைக்க முடியாத ஒன்று. அதைப் பார்த்தேயாக வேண்டும்." பேசும்போது அவருடைய கண் பேரின்பநாயகத்தின் முகத்தில் இல்லை, நெற்றிக்கு மேலே இருந்தது. மேசைமீது ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். மரணத்தின் பின் மூளையை நிலையத்துக்குக் கொடுப்பதற்கான சம்மதம்.

"திரும்பிப் போனால் கொல்லப்படுவேன் என்று சபையில் சொன்னீர்களாம். நாங்கள் அதை முழுக்க நம்புகிறோம். கொழும்பில் ஐஸ் பெட்டிக்குக்கூட ஏற்பாடு செய்துவிட்டோம்."

மாக்கிரட் இதைத் தமிழில் சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. பேரின்பநாயகம் கேட்டார்: "நம்புறீங்களா? அப்ப அதை ஒரு கடதாசியில எழுதி, உங்கட முத்திரையைக் குத்திச் சபைக்கு அனுப்புங்க டொக்டர். ஒரு வரி போதும்."

டொக்டர் பெல்மாரின் முகத்தில் உண்மையான வருத்தம் தோன்றியது. "அது எங்கள் துறை இல்லை," என்றார்.

"எழும்புங்க அண்ணன், போவம்," என்றாள் மாக்கிரட்.

அவர் எழும்பவில்லை. "அதில என்னென்ன எழுதிக் கிடக்கு? வாசி."

வாசித்தாள். ஏழாவது நிபந்தனை வந்தபோது நிறுத்தச் சொன்னார். அதைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். கொடையாளர் இறந்த திகதியை நிலையம் உறுதிப்படுத்தி, அவருடைய குடும்பத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவிக்கும்.

ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போன ஆட்களுக்குச் செத்த நாள் கிடையாது. தாய்மாரும் பெண்சாதிமாரும் முகாம் வாசல்களில் போய் நின்றுவிட்டு வருவார்கள். பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தெரியாது, எந்த நாளில் படைப்பது என்று தெரியாது. இவ்வளவு பெரிய உலகத்தில், இவர் செத்த நாளைச் சீதேவிக்கு அறிவிக்கிறேன் என்று எழுத்தில் தந்தது இந்த நிலையம் ஒன்றுதான்.

"பேனையைத் தாங்க," என்றார்.

கையெழுத்து வைத்தார். குடும்பத்தார் பெயர் என்ற கட்டத்தில் சீதேவியின் பெயரையும் பள்ளிக்கூட மண்டபத்தின் விலாசத்தையும் மாக்கிரட்டைக்கொண்டு எழுதுவித்தார். மரணத் திகதி என்றிருந்த கட்டத்தை வெறுமையாக விடும்படி டொக்டரின் செயலாளர்ப் பெண் சொன்னாள், அதை நிலையம் பிறகு நிரப்புமாம். அவர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"மாக்கிரட், அந்தப் பிள்ளையிட்ட ஒண்டு சொல்லு. திகதியை மட்டும் எழுதி அனுப்ப வேணாம். வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, அதையும் சேத்து எழுதச் சொல்லு. சீதேவிக்கு அது இல்லாட்டி நாள் தெரியாது."

மாக்கிரட் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய பிரெஞ்சு தடுமாறியது. செயலாளர்ப் பெண் பொறுமையாகக் கேட்டு, படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அதற்கு இதில் கட்டம் இல்லை என்றாள்.